அச்சம் நான்கும் எங்கள் ஊர் 99 கதவுகளும்

பேய்ப்படம் பார்க்கும்போது முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, விரல்களுக்கு நடுவே ஒரு சிறு சந்து மட்டும் விட்டுப் பார்க்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் வாரம், விடுதி அறிமுக நிகழ்வில் எல்லாரும் சொந்த ஊரைச் சொல்ல வேண்டும். நான் "நிபோங் திபால்" என்றதும் மூத்த மாணவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "99 கதவு வீடு இருக்கே, அந்த ஊரா? உள்ள போயிருக்கியா தங்கச்சி?" எங்கள் ஊரில் கெரியான் ஆறு இருக்கிறது. ஆற்றங்கரை மரங்களில் மின்மினிப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மின்னும். அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமே எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஊரைச் சொன்னால் பேய் பங்களாவைத்தான் கேட்கிறார்கள்.

அந்த வாரக் கடைசியில் பொது அறையில் கூட்டமாக உட்கார்ந்து பேய்ப்படம் ஒன்று பார்த்தோம். எனக்குப் பின்னால் இருந்த தோழி ஒருத்தி ஒவ்வொரு காட்சிக்கும் முன்கூட்டியே குறி சொல்லிக்கொண்டு வந்தாள். "இப்ப கரண்ட் போகும் பாரு." போனது. "இப்ப கண்ணாடியில தெரியும்." தெரிந்தது. "நாய் ஊளையிடும்." இட்டது. அத்தனையும் தெரிந்திருந்தும் அவள் என் தோளைப் பிடித்த பிடியில் மறுநாள்வரை வலி இருந்தது. வரப்போவது தெரிந்தும் ஏன் பயப்படுகிறோம்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில்தான் முளைத்தது.

எந்தக் கலைக்கும் மரபு என்று ஒன்று உண்டு. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்தால் கதை தொடங்கப்போகிறது என்று அர்த்தம். அதுபோலத் திகில் படத்துக்கும் இயக்குநரும் இரசிகரும் பேசாமலே போட்டுக்கொண்ட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடு, குறைந்த வாடகை, "அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி" என்று எச்சரிக்கும் காவல்காரர், அவர் பேச்சைக் கேட்காத கதாநாயகன். இவை வந்துவிட்டால் நாம் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

திடுக்கிட வைக்கும் உத்திக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1942இல் வெளிவந்த 'கேட் பீப்பிள்' என்னும் அமெரிக்கப் படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். யாரோ பின்தொடர்வதுபோல் இருக்கிறது. காலடி ஓசை கூடுகிறது, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சீறிக்கொண்டு வந்து நிற்கிறது ஒரு பேருந்து. வந்தது பேயல்ல, வெறும் பேருந்துதான். ஆனாலும் திரையரங்கே துள்ளியது. படத்தின் தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை 'லூட்டன் பேருந்து' என்றே திரைத்துறையினர் அழைக்கிறார்கள். நம் படங்களில் அந்தப் பேருந்து பூனையாக வரும், காற்றில் அறைந்து சாத்தும் சன்னலாக வரும், பின்னாலிருந்து தோளில் கைவைக்கும் நண்பனாக வரும். கண்ணைவிடக் காதுதான் முதலில் பயப்படுகிறது. நம்பாதவர்கள் வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு ஒரு பேய்ப்படம் பாருங்கள். பாதி நேரம் சிரிப்பீர்கள்.

மேல்நாட்டு நூல்களைத் திறந்தால் திகில் படங்களை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பேய் வீட்டுப் படம், பேய் பிடித்தவரின் படம், தொடர் கொலைகாரன் படம், நடைபிணப் படம், கைப்படக் கருவியில் பதிவானதுபோல் எடுக்கும் படம் என்று பட்டியல் நீளும். எனக்கு அந்தப் பட்டியலைவிட நெருக்கமாகத் தோன்றியது தொல்காப்பியம். மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கும் இடம் கொடுத்த தொல்காப்பியர், அச்சம் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்றால் வருத்தும் தெய்வமும் பேயும். விலங்கும் கள்வரும் விளக்கம் கேட்கமாட்டா. இறை என்றால் அரசன், நம்மை ஆள்பவன். விரிவுரையில் இதைக் கேட்ட அன்று என் மனம் பாடத்தில் இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த படங்களை இந்த நான்கு பெட்டிகளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விலங்குப் பெட்டி சிறியது. ஜோடியை இழந்த நாகம் மனித உருவெடுத்துப் பழிவாங்கும் 'நீயா?' (1979) அதில் முதலிடம் பெறும். கள்வர் பெட்டியில் 1978இல் பாரதிராஜா எடுத்த 'சிகப்பு ரோஜாக்கள்' போன்ற படங்கள் வரும். அங்கே பேய் இல்லை, நன்றாக உடுத்திய, நன்றாகப் பேசுகிற மனிதன்தான் பயம். 1960இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' திறந்துவிட்ட வழி அது. இந்த வகையில் மேலை நாடுகளில் 'ஹாலோவீன்' (1978) போன்ற படங்கள் ஒரு தனி மரபையே உண்டாக்கின. எல்லாரும் செத்த பிறகு கடைசியில் ஒரு பெண் மட்டும் எஞ்சி நின்று கொலைகாரனை எதிர்ப்பாள். கேரல் குளோவர் என்னும் ஆய்வாளர் அவளுக்குக் 'கடைசிப் பெண்' என்று பெயரிட்டார். நம் படங்களில் இந்தக் கடைசிப் பெண் அதிகம் இல்லை. நம்மிடம் இருப்பவள் முதல் பெண். படம் தொடங்குவதற்கு முன்பே செத்துப்போனவள்.

அவள்தான் அணங்கு. தமிழ்த் திகில் படத்தின் பெரிய பெட்டி அவளுடையது.

அவளுக்குப் பாட்டி முறையாகிறவள் பழையனூர் நீலி. திருவாலங்காட்டுப் பக்கத்துக் கதை. கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பேயாகத் தொடர்கிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர், என்னோடு அனுப்புங்கள்" என்று ஊர் வேளாளர் எழுபது பேரிடம் அழுது முறையிடுகிறாள். அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாக வைத்து அவர்கள் அனுப்பிவைக்க, அன்றிரவே அவனைக் கொன்று பழிதீர்க்கிறாள். சொன்ன சொல் காக்க எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள் என்று கதை முடிகிறது. பொய்யழுகைக்கு 'நீலிக் கண்ணீர்' என்று நாம் சொல்வது இவளால்தான். ஆனால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். உண்மையிலேயே கொலையுண்டவள் அவள். அழுதது நடிப்பாக இருக்கலாம், அழுவதற்கான காரணம் நடிப்பல்லவே! கொன்றவன் பெயர் மொழியில் நிற்கவில்லை. கொல்லப்பட்டவளின் கண்ணீர் மட்டும் பொய்க்கு உவமையாகிவிட்டது.

வெள்ளைச் சேலை, அவிழ்ந்த கூந்தல், மல்லிகை வாசம், கொலுசுச் சத்தம். நம் திரைப்பேயின் இலக்கணம் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோதுதான் அவளுக்கு ஒரு சகோதரி இருப்பது தெரிந்தது. மலாய்த் தோழிகள் பொந்தியானாக் கதை சொன்னார்கள். அவளுக்கும் வெள்ளை உடை, நீண்ட கூந்தல். மல்லிகைக்குப் பதில் கெம்போஜா மலரின் வாசம். எங்கள் பேயைப் புளியமரத்தில் முடியை வைத்து ஆணி அடித்துக் கட்டுவார்கள் என்றேன். அவர்கள், பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்தால் அவள் அழகான மனைவியாகிவிடுவாள், ஆணியைப் பிடுங்கினால் மறுபடி பேய் என்றார்கள். ஆணியும் பொதுவாக இருக்கிறதே என்று சிரித்தோம். ஒரு பெண்ணை அடக்கி வைக்க ஆணிதான் கருவி என்பதில் இரண்டு இனமும் ஒத்துப்போவது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திரையிலும் இந்த இரு மரபுகள் நம் மண்ணில் கலந்திருக்கின்றன. மலாய்த் திகில் படங்களின் தொடக்கம் என்று போற்றப்படும் 'பொந்தியானாக்' 1957 ஏப்ரலில் சிங்கப்பூரில் திரையிடப்பட்டது. கேத்தே கெரிஸ் நிறுவனத்தின் தயாரிப்பு, கதாநாயகி மரியா மெனாடோ. இயக்கியவர் பி. என். ராவ். இங்கே வருவதற்கு முன் 'ரம்பையின் காதல்' (1939), 'மதனகாமராஜன்' (1941) ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியவர் அவர். பேய்ப்படத்துக்கு முன்னால் தேவலோகத்துப் பெண்ணையும் மாயக் கதையையும் எடுத்துப் பழகிய கை! கூனும் விகாரமுமாக இருந்த ஒரு பெண் மருந்தால் அழகியாகிறாள். இரத்தத்தைச் சுவைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு கடிக்க, அவன் உயிரைக் காப்பாற்ற நஞ்சை வாயால் உறிஞ்சுகிறாள். அந்த நொடியில் பேயாகிறாள். கணவனுக்காக எதையும் செய்யும் பத்தினியின் கதைதான் இது. நம் புராணப் படத்தில் அவளுக்கு வரம் கிடைத்திருக்கும், இங்கே சாபம் கிடைத்தது. படம் பெரும் வெற்றி பெற்று, 'டெண்டாம் பொந்தியானாக்', 'சும்பா பொந்தியானாக்' என்று தொடர்ந்தது. முதல் படத்தின் பிரதி இன்று இல்லை என்பதுதான் வருத்தம். பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் 1958இல் 'ஒராங் மின்யாக்' எடுத்தார். அதே ஆண்டு பினாங்கின் மைந்தர் பி. ரம்லியும் எண்ணெய் மனிதனை வைத்து 'சும்பா ஒராங் மின்யாக்' எடுத்தார். அன்றைய மலாய்ப் படங்களில் இந்தியக் கைகள் எத்தனை என்பதை நம் மாணவர்களில் யாராவது தனிக்கட்டுரையாக எழுத வேண்டும்.

பிறகு நெடுங்காலம் நம் நாட்டில் பேய்ப்படங்கள் அருகிப்போயின. 2004இல் சுஹைமி பாபா இயக்கிய 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' அவளை மீண்டும் அழைத்து வந்தது. அதில் பேயாக வரும் மெரியம், ஒருவனின் ஆசைக்கு இணங்காமல் கொலையுண்ட நடனமணி. மறு ஆண்டே தமிழில் 'சந்திரமுகி' வந்தது. அவளும் ஓர் ஆசைக்கு இணங்காமல் கொலையுண்ட நடனமணி! ஒன்றைப் பார்த்து மற்றொன்று எடுக்கப்படவில்லை. 'சந்திரமுகி'யின் மூலம் 1993இல் பாசில் இயக்கிய மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. ஆனாலும் இரு மொழி இரசிகர்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே காயத்தைப் பார்த்துப் பயந்தார்கள் என்பது உண்மை.

'சந்திரமுகி' வகைப்பாட்டுக்குக் கொஞ்சம் சிக்கலான படம். அதில் பேயே இல்லை, எல்லாம் மனநோய் என்று மருத்துவர் விளக்குகிறார். ஆனால் நோயைக் குணப்படுத்தப் பேயை ஏமாற்றும் நாடகம் தேவைப்படுகிறது. அறிவியலுக்கும் நம்பிக்கைக்கும் ஒரே பந்தியில் இலை போடும் இந்தத் தந்திரம் தமிழ் இரசிகர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது.

நம் பேய்ப்படத்தின் தனித்தன்மை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் பின்கதையைத்தான் சொல்வேன். இடைவேளைக்குப் பிறகு எப்படியும் ஒரு பின்கதை வரும். பேய்க்குப் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், அம்மா இருப்பாள், காதலன் இருப்பான், அவளைக் கொன்றவர்கள் இருப்பார்கள். அதுவரை பயந்துகொண்டிருந்த நாம் அங்கே கட்சி மாறி, "கொல்லு, அவனை விடாதே" என்று பேய்க்குக் கைதட்டுவோம். நடைபிணப் படங்கள் நம்மிடம் வேரூன்றாததற்கும் இதுதான் காரணம் என்பது என் ஊகம். 2016இல் 'மிருதன்' வந்தது. நன்றாகவே எடுத்திருந்தார்கள். ஆனால் ஆயிரம் நடைபிணங்களுக்கும் பெயர் கிடையாது, பின்கதை கிடையாது. யாருக்காக அழுவது?

இந்த மரபைத் தெரிந்துகொண்டு அதை மீறிய படங்கள்தாம் மனத்தில் நிற்கின்றன. 2009இல் ஒரே ஆண்டில் இரண்டு வந்தன. 'யாவரும் நலம்' பாழடைந்த பங்களாவைத் தூக்கியெறிந்துவிட்டு, புத்தம்புதிய அடுக்குமாடி வீட்டில், பட்டப்பகலில், குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் பயத்தை வைத்தது. மெகா தொடர் பார்க்கும் எந்த வீட்டுக்கு இது பொருந்தாது? 'ஈரம்' படத்தில் பேய்க்கு உருவமே இல்லை. தண்ணீர்தான் பேய். குழாய் சொட்டினாலும் வாசல் நனைந்தாலும் நமக்கு வயிற்றைப் பிசைந்தது. 'பீட்சா' (2012) பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். பார்க்காதவர்கள் இன்னும் இருக்கலாம், அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள விருப்பமில்லை. மிஷ்கினின் 'பிசாசு' (2014) பேயை வீட்டுக்குள் அழைத்து, அவள் நமக்கு நல்லது செய்ய வந்தவள் என்றது. 'மாயா' (2015), குழந்தையைப் பிரிந்த ஒரு தாயைப் பேயாக்கி, கைக்குழந்தையோடு தனியே வாழும் இன்னொரு தாயின் எதிரில் நிறுத்தியது. அந்தப் படத்தின் கடைசிக் காட்சிகளில் நான் பயப்படவில்லை. அழுதேன்.

அம்மன் படங்களை இதில் சேர்ப்பதா என்று நண்பர்களுக்குள் சண்டையே நடந்தது. 'அம்மன்' (1995) படத்தில் மந்திரவாதி செய்யும் கொடுமைகள் எந்தத் திகில் படத்துக்கும் குறைந்தவையல்ல. ஆனால் கடைசியில் அம்மன் வருவாள் என்ற உறுதி நமக்கு முதலிலேயே இருக்கிறது. தீபாராதனைக்கு எழுந்து நிற்கத் தயாராகும் இரசிகரைப் பயந்தவர் என்று எப்படிச் சொல்வது?

சிரிப்புப் பேய்கள்தாம் வசூலில் அரசர்கள். 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), 'யாமிருக்க பயமே' (2014), 'அரண்மனை' (2014) என்று தொடங்கி, 2024இல் 'அரண்மனை 4' வரை வந்துவிட்டது. குறை சொல்வது எளிது. நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். 'காஞ்சனா'வில் ஒரு திருநங்கையின் வலியை, அதுவரை அவர்களைக் கேலி செய்தே பழகிய அரங்கம் அமைதியாக உட்கார்ந்து கேட்டது. சிரிக்க வைத்துத்தான் அங்கே கொண்டுபோக முடிந்தது. ஆனால் ஒரு சங்கடம் எனக்கு உண்டு. முனி என்றால் எங்கள் தோட்டப்புறத்தில் காவல் தெய்வம். எல்லையில் மரத்தடியில் அவருக்குக் கோயில் இருக்கும், சுருட்டு வைத்துக் கும்பிடுவோம். இரவில் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு அவர்தான் துணை. படம் வந்த பிறகு சின்னப் பிள்ளைகள் முனியை வேடிக்கைப் பேயாக்கிவிட்டார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள்.

சரி, நான்காவது பெட்டிக்கு வருவோம். இறை. ஆள்பவனைக் கண்டு பிறக்கும் அச்சம். 'தமிழில் இந்த வகைப் படமே இல்லையே' என்று முதலில் குறித்து வைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, அது தனியாக இருப்பதில்லை. அணங்கு முன்னால் நிற்கிறாள், இறை அவளுக்குப் பின்னால் நிற்கிறான். சந்திரமுகியை எரித்தவன் வேட்டையபுரத்து அரசன். முனியாண்டியைக் கொன்றவன் அரசியல்வாதி. காஞ்சனாவைக் கொன்றவர்கள் நிலத்துக்காகக் கொன்றார்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் தொட முடியாதவனைத் தொடுவதற்குத்தான் ஒருத்தி செத்துப் பேயாக வேண்டியிருக்கிறது. 'டிமான்ட்டி காலனி' (2015) படத்தில் இது இன்னும் வெளிப்படை. சென்னை ஆழ்வார்பேட்டையில் அந்தப் பெயரில் ஒரு குடியிருப்பு உண்மையாகவே உண்டு. ஜான் டிமான்ட்டி என்ற போர்த்துகீசிய வணிகரின் பெயரைத் தாங்கியது அது. அங்கே பேயாக வருபவன் வஞ்சிக்கப்பட்ட பெண்ணல்ல, செத்தும் தன் சொத்தை விடாத முதலாளி.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது.

99 கதவு வீடு நிபோங் திபாலில் கலிடோனியா தோட்டத்துக்குள் இருக்கிறது. செபராங் பிறையின் இந்தப் பகுதி முழுக்க 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள். பிறகு ரப்பர் வந்தது, இப்போது செம்பனை. வீடு ராம்ஸ்டன் என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிக் குடும்பத்தினருடையது. அவர்களில் ஒருவரான ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் 1948இல், நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், இந்த வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். வீடு பாழடைந்தது. பின்னாளில் போமோ ஒருவர் அங்கே தங்கிப் பூசை செய்தார் என்று சொல்வார்கள். நூறாவது கதவு ஒன்று இருக்கிறது, அது வேறு உலகத்துக்குத் திறக்கும் என்றும் சொல்வார்கள். (கதவுகளை நான் எண்ணியதில்லை. எண்ணும் தைரியமும் இல்லை.) கைப்பேசியோடு இரவில் போய்ப் படம்பிடித்து வருகிறவர்களுக்கு இன்றும் குறைவில்லை. மாடிப்படி, உடைந்த சன்னல்கள், துப்பாக்கிச் சூடு, கொடிகள் ஏறிய தூண்கள். திகில் படத்தின் மரபுகள் அத்தனையும் அங்கே தயாராக நிற்கின்றன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய மதராஸ் மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நம் முன்னோர்கள். 1910இல் அந்த முறை நிறுத்தப்படும்வரை எத்தனையோ பேர் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் இந்த மண்ணிலேயே மாண்டார்கள். ஒரு துரை செத்த வீட்டில் பேய் இருக்கிறது. கூட்டங்கூட்டமாகச் செத்த லயங்களில் இல்லையாம். பேயாவதற்குக்கூடக் கல் வீடு வேண்டும்போலிருக்கிறது.

உயிரோடிருந்த துரையைக் கண்டு எப்படிப் பயந்தார்கள் என்பதற்குத் திரைப்படம் தேவையில்லை. துரை வரும் வழியில் தொழிலாளி சைக்கிளில் போனால் இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எங்களை சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லாதீர்கள் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. தொல்காப்பியர் நான்காவதாக வைத்த அச்சம் இதுதானே.

இந்தக் கட்டுரைக்காகப் பாட்டியிடம் பேய்க்கதை கேட்டேன். 99 கதவு வீட்டைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்துக் கைப்பேசியில் பதிவு செய்யவும் தொடங்கிவிட்டேன்.

"அந்த பங்களாவப் பத்தி எனக்கு என்ன தெரியும் கண்ணு? நாங்க அந்தப் பக்கம் போனதே இல்ல. எங்க லயத்துல பேயின்னா எங்க அக்காதான்" என்றார்.

பாட்டிக்கு ஓர் அக்காள் இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. தலைப்பிள்ளைப் பேறு. மூன்றாம் நாள் இரவு வலி முற்றியது. தோட்டத்து டிரஸ்ஸர் ஊரில் இல்லை. லாரி கேட்டு ஆள் அனுப்பினார்கள், விடியட்டும் என்று பதில் வந்தது. விடிவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். பாட்டிக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. அதன்பிறகு ஒரு வருடத்துக்கு யாரும் பொழுது சாய்ந்தபின் பீலிக்கரைப் பக்கம் போகவில்லை. குழந்தை அழும் சத்தம் கேட்கிறது என்றார்கள், மல்லிகை வாசம் வீசுகிறது என்றார்கள். மந்திரிக்கிறவரைக் கூட்டிவந்து அங்கிருந்த மரத்தில் ஆணி அடித்தார்கள்.

"நீங்க பயந்தீங்களா பாட்டி?"

"எல்லாரும் பயந்தாங்க. நான் மட்டும் தினம் சாயங்காலம் வாசப்படியில உக்காந்திருப்பேன். அக்கா வந்தா பாக்கலாமேன்னு. அவ வரல."

தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று உண்டு. இரண்டு கற்களை நட்டு, தலைச்சுமை உயரத்துக்கு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். வழிநடப்பவர்கள் சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நடப்பது அது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக ஊரார் சுமையை ஒரு கல் தாங்கிக்கொள்கிறது. பொந்தியானாக்கும் அதே பெண்தான், பிள்ளைப்பேற்றில் இறந்தவள். ஒரே சாவுக்கு ஓரிடத்தில் கல், ஓரிடத்தில் ஆணி. கப்பலேறி வந்தவர்கள் ஆணியைக் கொண்டுவந்தார்கள். கல்லை நட அவர்களுக்குச் சொந்தமாக நிலம் இல்லை.

அந்த லயம் இப்போது இல்லை. செம்பனை வளர்ந்து நிற்கிறது. போன விடுமுறையில் பாட்டியை அங்கே அழைத்துப் போனேன். பீலி இருந்த இடம் இதுதான் என்று அவரால் உறுதியாகக் காட்ட முடியவில்லை. மரம் என்றைக்கோ வெட்டப்பட்டிருக்க வேண்டும். வரிசை வரிசையாக ஒரே மாதிரி நிற்கும் செம்பனைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அக்காவின் பெயரைச் சொன்னார். அதுவரை அவர் அந்தப் பெயரை என்னிடம் சொன்னதில்லை. அம்மாவுக்கும் அதே பெயர்.